கடைமடைக்கு வந்த நீர்

மருதமுனைக்கும் கல்முனைக்கும் இடையில், கடலோரமாகக் கிடக்கும் மணல் மேட்டின்மேல் அமைந்த ஊர் பாண்டிருப்பு. கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவியின் தென்கோடி நீர்ப்பரப்புகளும் சதுப்பு நிலங்களும். அவற்றுக்கும் அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல்கள். பெரியநீலாவணை தொடங்கி நிந்தவூர் வரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் வேலியை ஒருவர் தொட்டு வாழும் இக்கரையோர ஊர்கள் யாவற்றுக்கும் இவ்வமைப்பே பொது. நீர் இவ்வூர்களுக்கு வாழ்வும் தந்தது, வேதனையும் தந்தது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிய வேளையில், அம்பாறை மாவட்டம் ஒன்றிலேயே பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கைத் தீவில் மிகப் பெரிய உயிரிழப்புக்கு ஆளான மாவட்டம் இதுவே. 2011ஆம் ஆண்டு சனவரியில் வான்மழை வெள்ளமாகி, அறுவடையை நெருங்கிய பெரும்போகத்து வயல்களை மூழ்கடித்தது. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் மூடிய வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அள்ளுண்டு போக, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சிறுவர்கள் உயிரிழந்த துயரை இப்பகுதி மக்கள் இன்னும் மறந்திலர். மாரியில் இவ்வாறு வெள்ளம். சிறுபோகம் வந்தால் அதே வயல்களுக்கு நீர் போதாது என்ற முறையீடு. வடகீழ்ப் பருவக்காற்றின் சில கிழமைகளையே நம்பி ஆண்டு முழுவதும் வாழவேண்டிய நிலம் இது.

உலகின் வெப்பம் ஏறி வருகிறது. மழை பெய்தால் ஒரேயடியாகப் பெய்யும், பொய்த்தால் நெடுங்காலம் பொய்க்கும் என அறிஞர் எச்சரிக்கின்றனர். பேரரசுகளும் பெருந்தொழில்களும் செய்த வினைக்கு நாம் என்ன செய்யமுடியும்? ஒரு கிராமம் ஒன்றுகூடிச் செய்யும் செயலுக்கு வானத்தின் போக்கை மாற்றும் வலிமை உண்டோ? இவ்வாறு கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குரிய விடைகளுள் ஒன்று நம் வயல்களுக்கு நீர் வரும் வாய்க்காலின் வரலாற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பாடமாக ஓதும் அவ்வரலாற்றை, அந்நீரைக் குடித்து வளர்ந்த நம்மவரிற் பலர் அறியார் என்பது வியப்புக்குரியது.

ஆறும் அணையும்

பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைநாட்டில் ஊற்றெடுத்து, இங்கினியாகலை வழியாக இறங்கி, கல்முனைக்குத் தெற்கே கடலோடு கலக்கும் ஆற்றைத் தமிழர் பட்டிப்பளை ஆறு என்றனர். சிங்களர் கல்லோயா என்றனர். சுதந்திரம் பெற்ற இலங்கை முதன்முதலில் மேற்கொண்ட மாபெரும் நீர்ப்பாசனத் திட்டம் இவ்வாற்றின்மேலேயே எழுந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அமெரிக்க நிறுவனம் ஒன்று இங்கினியாகலையில் அணை கட்டியது. அணைக்குப் பின்னே தேங்கிய பெருநீர்ப்பரப்பு சேனநாயக்க சமுத்திரம் எனப் பெயர் பெற்றது.

காடு வெட்டித் திருத்திய நிலங்களில் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து பெருந்தொகையான சிங்களக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. அணைக்கு அண்மையில் மேல்மடையில் அவர்கள் இருந்தனர். கரையோரத்தை நோக்கிய கடைமடையிலோ, போடியாரும் முல்லைக்காரரும் வட்டை விதானைமாரும் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்த தமிழ் பேசும் மக்களின் பழைய வயல்கள் இருந்தன. நீர் மேலிருந்து கீழே வருவது இயற்கை. மேலே இருப்பவர் ஓரினத்தவராகவும் கீழே இருப்பவர் பிற இனத்தவராகவும் அமைந்துவிட்டபோது, வாய்க்காலின் ஒவ்வொரு மதகும் அரசியலாயிற்று. 1956ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இக்கல்லோயாப் பள்ளத்தாக்கிலேயே இனக்கலவரத்தின் குருதி சிந்தியது.

அணை கட்டி முப்பதாண்டுகள் கழியுமுன்னரே பாசன அமைப்பு சீர்குலைந்தது. இடது கரை வாய்க்காலின் கீழ் 65,000 ஏக்கர் வரையில் வயல் இருந்தும், மதகுகள் பல உடைந்து கிடந்தன. வயல் வாய்க்கால்கள் பத்தாண்டு, இருபதாண்டாகத் தூர் வாரப்படாமல் புல்லும் மண்ணும் மூடிக் கிடந்தன. மேல்மடையான் இராப் பகலாக வக்கடையைத் திறந்து வைத்தான். கடைமடையான் வானத்தைப் பார்த்தான். இரவில் மண்வெட்டியோடு சென்று வரம்பை வெட்டுவதும், விடிந்ததும் அடிதடியாவதும் அன்றாட நிகழ்ச்சிகள். நாட்டிலேயே மிகச் சீர்கெட்ட பாசனத் திட்டம் இதுவே என்பது பொறியியலாளரின் பொதுக் கருத்தாயிருந்தது.

இளைஞர் முப்பத்திருவர்

1979இல், ஐக்கிய அமெரிக்க அரசின் உதவியோடு இடது கரையைச் சீரமைக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. சீமெந்தும் கருங்கல்லும் மட்டும் போதா, விவசாயிகளின் அமைப்பும் வேண்டும் என்ற கருத்தின்படி, அப்பொறுப்பு கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கோர்னல் பல்கலைக்கழகத்து அறிஞர் சிலர் அதற்குத் துணை நின்றனர். அவருள் முதன்மையானவர் நோர்மன் அப்ஹொஃப்.

1981ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பட்டதாரி இளைஞரும் யுவதியருமாக 32 பேர் பயிற்சி பெற்று வயற்புறம் சென்றனர். அவர்கள் அதிகாரிகள் அல்லர். கட்டளையிட அவர்களுக்கு உரிமையில்லை. கொடுப்பதற்குக் கடனுமில்லை, மானியமுமில்லை. கிராமங்களிலேயே தங்கி, வீடு வீடாகச் சென்று, உமது வாய்க்காலில் என்ன குறை என்று கேட்பதே அவர்களின் தொழில். ஒரே வயல் வாய்க்காலில் நீர் பாய்ச்சும் பத்துப் பதினைந்து விவசாயிகளை ஒரு மர நிழலில் கூட்டுவர். சங்கம் அமைப்போம், தலைவரைத் தெரிவோம் என்று தொடங்குவதில்லை. எல்லாரையும் வருத்தும் ஒரு குறையை முதலில் எடுத்துக்கொண்டு, அதைத் தாமே தீர்க்க முடியுமா என ஆராய்வர். வேலை முதலில், பதவி பின்னால். இரண்டொரு வேலைகள் முடிந்த பிறகே, அவற்றில் முன்னின்று உழைத்தவர் ஒருவரை, வாக்கெடுப்பின்றி ஒருமனதாகப் பிரதிநிதியாக்குவர்.

அவ்வாண்டுச் சிறுபோகத்தின்போது சேனநாயக்க சமுத்திரத்தில் காற்பங்களவு நீரே இருந்தது. இம்முயற்சிக்கு அதைவிடத் தீய வேளை வேறு இருக்க முடியாது என்றே எவரும் நினைப்பர். நடந்ததோ வேறு. சில கிழமைகளுக்குள், நெடுங்காலம் மண் மூடிக் கிடந்த வாய்க்கால்களை விவசாயிகள் கூலியின்றிக் கூடி வெட்டினர். நீரை முறை வைத்து, இன்று உமக்கு, நாளை எமக்கு எனப் பகிர்ந்தனர். சில வாய்க்கால்களில், முறைக்குரிய நீரிலும் ஒரு பகுதியை மிச்சப்படுத்திக் கீழேயிருப்போருக்கு விட்டனர். சீமெந்து வேலை தொடங்குவதற்கு முன்பே இது நிகழ்ந்தது என்பதைக் கருத்தில் வைத்தல் வேண்டும்; கல்லும் கலவையும் செய்த நன்மையை மனிதரின் கணக்கில் எழுதிவிட்டதாகக் குறை கூறுவோருக்கு அதுவே மறுமொழி.

வயல் வாய்க்கால் குழுவின் மேல் கிளை வாய்க்கால் அமைப்பு, அதன் மேல் பிரதேச அவை, யாவற்றுக்கும் மேல் அதிகாரிகளும் விவசாயப் பிரதிநிதிகளும் ஒன்றாக அமரும் திட்டக் குழு எனப் படிப்படியாக அமைப்பு வளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் நீர்ப் பயன்பாட்டின் திறன் ஏறக்குறைய இரு மடங்காகியது. 1988இல் அமைச்சரவை, பெரும் பாசனத் திட்டங்களின் நிர்வாகத்தில் விவசாயிகளைப் பங்காளிகளாக்கும் கொள்கையை நாடு முழுமைக்கும் ஏற்றது. இந்த 32 பேரின் வேலை தற்காலிகமானதே. நிலையான உத்தியோகம் கிடைத்ததும் அவருட் பெரும்பாலோர் விலகிச் சென்றனர். ஊன்றுகோலை எடுத்த பின்னும் அமைப்பு நிற்குமா என்ற ஐயம் எழுந்தது.

1997ஆம் ஆண்டின் சோதனை

அவ்வையத்தைத் தீர்க்கும் சோதனை பதினாறு ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் மிகவும் வற்றியிருந்தது. இருக்கும் நீர் இடது கரையில் 15,000 ஏக்கருக்கே போதும் என நீர்ப்பாசனத் திணைக்களம் கணக்கிட்டது. கணக்கைக் குறை கூற முடியாது. வழமையான முறையில் நீர் விட்டால் அவ்வளவே விளையும். அதன்படி நடந்திருந்தால், 50,000 ஏக்கர் தரிசாகக் கிடந்திருக்கும். கிடப்பவை யாருடைய வயல்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

விவசாய அமைப்புகள் அதற்கு உடன்படவில்லை. இருக்கும் நீரை எல்லாரும் பகிர்வோம், குறைந்தால் எல்லாருக்கும் குறையட்டும் என்று முடிவு செய்தன. 65,000 ஏக்கரிலும் பயிர் ஏறியது. விளைச்சலோ வழமையான சராசரியிலும் மேம்பட்டது. மேல்மடையின் சிங்கள விவசாயிகள், கடைமடையின் தமிழ் பேசும் விவசாயிகளுக்கு நீர் விட்டனர். போர் மூண்டு பதினான்கு ஆண்டுகள் ஆகியும் ஓயாத காலம் அது. துப்பாக்கிகள் எல்லையைக் காவல் காத்துக்கொண்டிருந்த வேளையில் வாய்க்கால் எல்லையைக் கடந்தது. அப்ஹொஃப்பும் இலங்கையரான சி. எம். விஜயரத்னவும் இதனை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, மக்களிடையே நிலவும் நம்பிக்கையும் ஒரு மூலதனமே என்பதற்குச் சான்றாக இன்றும் எடுத்தாளப்படுகிறது.

ஈண்டு ஒரு கேள்வி எழும். நான்கு மடங்குக்கும் மேற்பட்ட நிலத்துக்கு அதே நீர் எவ்வாறு போதியது? மந்திரம் எதுவுமில்லை. நீரை மிகுதியாகப் பாய்ச்சுபவன் பேராசையால் மட்டும் அவ்வாறு செய்வதில்லை. அச்சத்தாலேயே பெரும்பாலும் செய்கிறான். அடுத்த முறை நீர் வருமோ வராதோ என்ற ஐயத்தில், வந்தபோதே வரம்பு முட்டத் தேக்கிக்கொள்கிறான். தேக்கிய நீரில் ஒரு பங்கையே பயிர் பருகும். எஞ்சியது நிலத்துள் இறங்கும், வெயிலில் ஆவியாகும், வடிச்சலில் ஓடிவிடும். செவ்வாய்க்கிழமை என் முறை, அன்று நீர் வந்தே தீரும் என்ற உறுதி பிறந்துவிட்டால், தேக்கவேண்டிய தேவையே இல்லாமற் போகிறது. அச்சம் நீங்கிய அளவுக்கு நீர் மிஞ்சுகிறது. கல்லோயாவில் சேமிக்கப்பட்ட நீர், அடிப்படையில், நம்பிக்கையிலிருந்து ஊறிய நீரே.

உலகின் பிற பாகங்களும் இதற்குச் சான்று பகரும். ஸ்பானியாவின் வலென்சியா நகரில், வாய்க்கால் வழக்குகளைத் தீர்க்கும் விவசாயிகளின் நீர் மன்றம் வியாழக்கிழமைதோறும் தலைமைத் தேவாலயத்தின் வாயிலில் கூடுகிறது. எழுத்து இல்லை, வழக்கறிஞர் இல்லை, தீர்ப்பு அங்கேயே. பாலித் தீவின் சுபாக் என்னும் நீர்ச் சங்கங்கள் கோயிலை மையமாகக் கொண்டு மலைச்சரிவு வயல்களுக்கு நீரைப் பங்கிடுகின்றன. தமிழகத்தில் ஏரி நீரைப் பங்கிட நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளர் இருந்தார். ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் தாமே பேணும் முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். பொதுவில் உள்ள வளத்தை அரசோ தனியாரோ கைக்கொண்டாலன்றிக் காக்க முடியாது என்ற பழைய கோட்பாட்டை, இத்தகைய அமைப்புகளை ஆராய்ந்து மறுத்தவர் எலினோர் ஒஸ்ட்ரோம் அம்மையார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

நெல்லும் வெப்பமும்

பருவநிலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு எனலாம். நேரான தொடர்பே உண்டு. வயலில் எந்நேரமும் நீர் நின்றால் மண்ணுக்குள் காற்று புகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், வைக்கோலும் வேரும் அழுகுவதைத் தின்று மீதேன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. உலகின் மீதேனில் கணிசமான பங்கு நெல் வயல்களிலிருந்தே எழுகின்றது.

பிலிப்பைன்சிலுள்ள சருவதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு எளியதொரு வழியைப் பரப்பி வருகிறது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் நட்டு, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் வரையில் இறங்கும்வரை காத்திருந்து, பின்னரே அடுத்த நீரைப் பாய்ச்சவேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்கவேண்டும். விளைச்சல் குறையாமலே நூற்றுக்கு 30 பங்கு வரையில் நீர் மிஞ்சும். மீதேனும் பெருமளவு குறையும்.

வழி எளியது, கைக்கொள்வதோ எளிதன்று. தன் வயலை உலர விடுவதற்கு விவசாயிக்குத் துணிவு வேண்டும். குழாயில் நீர் இறங்கிய அன்று வாய்க்காலில் நீர் வரும் என்ற உறுதியின்றி எவன் உலர விடுவான்? ஆகவே ஒருவன் தனியே நின்று செய்யக்கூடிய காரியம் அன்று இது. வாய்க்கால் முழுவதும் ஒரு குழுவாகி முறை வகுத்தால்தான் நடக்கும். 1981இல் மர நிழல்களில் தொடங்கிய அதே வேலையே, இன்று உலகின் வெப்பத்தைத் தணிக்கும் வேலையுமாகிறது. வறட்சிக்குக் கற்ற பாடம் வானிலைக்கும் உதவுகிறது.

நம் கரைக்கு

கடலோரத்து ஊர்களுக்கு வருவோம். கல்லோயாவில் மேல்மடை, கடைமடை என்ற வேறுபாடு நீர் வரவில் இருந்தது. பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் அதே வேறுபாடு நீர் வடிவதில் இருக்கிறது. ஓரூரின் வடிகால் அடுத்த ஊரின் எல்லையால் ஓடுகிறது. தமிழர் வீதியில் அடைபட்ட மதகு முஸ்லிம்களின் வளவில் வெள்ளமாக நிற்கும். அவர் மண்ணிட்டு உயர்த்திய வளவு இவர் முற்றத்தில் குளமாகும். உள்ளூராட்சி எல்லைகளைப் பற்றி நாம் ஆண்டுக்கணக்கில் வாதிட்டு வருகிறோம். மழைநீர் அவ்வெல்லைகளை அறியாது.

குப்பையும் அவ்வாறே. நாம் வீதியில் எறியும் பொலித்தீன் முதலில் வடிகாலை அடைக்கிறது. அள்ளிச் செல்லப்பட்டால் என்னாகிறது? ஒலுவில், அட்டாளைச்சேனைப் பக்கத்துப் பள்ளக்காட்டில் சுற்றுவட்டாரத்துக் குப்பை மலையாகக் குவிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல் கழிவு முகாமைத் திட்டம் வகுக்கப்பட்டும், குப்பை பிரித்து மீளப் பயன்படுத்தப்படவில்லை. காவலுக்கு இட்ட மின்வேலியை 2014இல் இடி தாக்கியது, அது செப்பனிடப்படவுமில்லை. காட்டு யானைகள் உள்ளே புகுந்து பிளாத்திக்கைத் தின்றன. 2022ஆம் ஆண்டு சனவரி வரையிலான எட்டு ஆண்டுகளில் இருபதளவு யானைகள் இவ்வாறு மாண்டதாகச் செய்தி வந்தபோது, அப்படங்கள் உலகெங்கும் பரவின. பணம் வந்தது, வேலி வந்தது, வேலியைத் தமது என்று கருதிப் பேணும் குழு ஒன்று மட்டும் வரவில்லை. கல்லோயாவும் பள்ளக்காடும் ஒரே மாவட்டத்தில், வெளிநாட்டு உதவியோடு தொடங்கியவையே. ஒன்று வேலையிலிருந்து மனிதரைச் சேர்த்தது. மற்றொன்று பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிற்று.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. அந்த 32 பேரும் வேலை தேடிக்கொண்டிருந்த வயதினரே. அவரிடம் இருந்த கருவி கேட்கும் பொறுமை ஒன்றே. ஒரு பாடசாலையின் மாணவர், தம் ஊர் மதகில் மாரிகாலத்து நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வரலாம். அடுத்த ஊர்ப் பாடசாலை தன் மதகில் அவ்வாறே எழுதலாம். இரு கொப்பிகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால், எவ்விடத்து அடைப்பு எவ்வூரை மூழ்கடிக்கிறது என்பது கண்முன் தெரியும். அதன் பின் தமிழ் வளவுக்காரரையும் முஸ்லிம் வளவுக்காரரையும் ஒரு மர நிழலில் கூட்டுவது அவ்வளவு கடினமன்று. முதலில் ஒரு மதகு. அதன் பின்னரே சங்கம்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் பாரதக் கதை சடங்காக நடந்து, தீமிதிப்போடு நிறைவுறுகிறது. பாண்டவர் இருந்த இடம் என்பதால் ஊர்ப்பெயர் வந்தது என்பர் ஊரவர். அக்கதையின் வேரில் இருப்பது ஒரு பங்கு வழக்கு. ஐந்து ஊர் கேட்டனர். ஐந்து வீடாவது கேட்டனர். ஊசி முனையளவு நிலமும் தரமாட்டேன் என்றான் ஒருவன். பதினெட்டு நாட்போரில் இரு பக்கமும் அழிந்தன. பங்கிட மறுத்தால் என்ன நேரும் என்பதை நம் மக்கள் தலைமுறைதோறும் கூத்திலும் சடங்கிலும் கண்டு வந்திருக்கின்றனர். பங்கிட்டால் என்ன விளையும் என்பதற்கு, அதே நிலத்துக்கு மேற்கே, 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் 65,000 ஏக்கர் நெல் சாட்சி நின்றது. அந்த அறுவடையையும் நம் பிள்ளைகள் அறியட்டும்.